மீல் ரீப்ளேஸ்மென்ட் பார் வாங்கும் முன்: உறையைத் திருப்பிப் படிக்க ஒரு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், சத்துமாவு டப்பாக்கள் இருந்த அலமாரியில் பாதியை இப்போது மீல் ரீப்ளேஸ்மென்ட் பார்கள், அதாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் என்று விற்கும் சாக்லேட் கட்டி மாதிரியான சத்துக் கட்டிகள், பிடித்துக்கொண்டன. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், விடிந்ததும் புதுச்சேரி பஸ்ஸைப் பிடிக்கும் கல்லூரிப் பிள்ளைகள், எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள், ஜிம்முக்குப் போகும் பையன்கள் என்று எல்லாரும் வாங்குகிறார்கள். கேட்கும் கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, இதைச் சாப்பிட்டா ஒரு வேளை சாப்பாடு சாப்பிட்ட மாதிரிதானே?"

சில பார்களுக்கு ஆமாம் என்று சொல்லலாம். நிறைய பார்களுக்குச் சொல்ல முடியாது. எது எந்த வகை என்பதை முன்பக்கம் பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாது. முன்பக்கத்தில் "20க்கும் மேற்பட்ட வைட்டமின், மினரல்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். உண்மையில் ஒரு பாரில் சேர்க்க மிகச் சுலபமான, செலவும் குறைந்த சமாச்சாரம் அந்த வைட்டமின்கள்தான். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய எல்லா வைட்டமின்களையும் ஒன்றாகக் கொட்டி நிறுத்தாலும் கால் கிராமைக்கூட எட்டாது. புரதமும் நார்ச்சத்தும் அப்படி இல்லை. கிராம் கிராமாக இடம் பிடிக்கும், விலையும் அதிகம், ருசியையும் கெடுக்கும். அதனால் ஒரு பார் தரமானதா என்று பார்க்க, முன்பக்கம் பெருமையாகச் சொல்வதை விட்டுவிட்டு பின்பக்க அட்டவணையில் புரதத்தையும் நார்ச்சத்தையும் சர்க்கரையையும் தேடுங்கள். வைட்டமின்கள் அதற்கு அப்புறம்.

முதல் படி: எந்த வேளைக்காக வாங்குகிறீர்கள்?

எடை குறைக்கும் உணவுகளுக்கு உலக சுகாதார அமைப்பும் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் என்ற உணவுத் தர ஆணையம் 1991-ல் ஒரு தரநிலை வகுத்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக விற்கும் பொருளில் 200 முதல் 400 கிலோகலோரி வரை ஆற்றல் இருக்க வேண்டும், அந்த ஆற்றலில் 25 முதல் 50 சதவீதம் புரதத்திலிருந்து வர வேண்டும், கொழுப்பின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது அது. அன்றாட வைட்டமின், தாது அளவில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ அந்த ஒரு வேளையில் கிடைத்துவிட வேண்டும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பவும் தேவைப்படும்.

இவை எடை குறைக்க விரும்புபவருக்காக வகுத்த எண்கள். அதாவது, பார் என்பது வேண்டுமென்றே சிறியதாகச் செய்யப்பட்ட சாப்பாடு. நம் உணவு லேபிள்கள் ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி என்று கணக்கு வைக்கின்றன. நான்கு இட்லி, சாம்பார், சட்னி என்று உட்கார்ந்து சாப்பிட்டால் சுமார் 350 கிலோகலோரி வரும். கடையில் கிடைக்கும் பார்களில் பல 200-ஐ ஒட்டியே இருக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, எடையும் குறைக்க வேண்டும் என்பவருக்கு அது சரி. எட்டு மணி நேரம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரே ஒரு பாரோடு நிறுத்தினால் மூன்று மணிக்குக் கை நடுங்கும். நைட் ஷிப்ட் முடித்து வரும் தம்பி ஒருவரிடம் இதைத்தான் சொல்வேன்: "இது இடைவேளைக்கு வச்சுக்கோ தம்பி, சாப்பாட்டுக்கு இல்ல."

இரண்டாம் படி: 100 கிராமா, ஒரு பாரா?

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020 லேபிள் விதிப்படி, சத்து அட்டவணை 100 கிராமுக்கோ, ஒரே முறையில் சாப்பிடும் பாக்கெட்டுக்கோ எவ்வளவு என்று காட்ட வேண்டும். அதோடு ஒரு முறை சாப்பிடும் அளவில் அன்றாடத் தேவையில் எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்றும் காட்ட வேண்டும். ஒரு பார் 100 கிராம் இருப்பது அபூர்வம். 40, 50, 60 கிராம் என்றுதான் வரும். 100 கிராம் பத்தியில் "புரதம் 20 கிராம்" என்று பார்த்துவிட்டு, ஒரு பார் தின்றால் 20 கிராம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு மாதிரி பாரை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இது எந்த கம்பெனியுடையதும் இல்லை, கணக்குக்காக நான் எழுதியது. எடை 60 கிராம். 100 கிராமுக்கு ஆற்றல் 404 கிலோகலோரி, புரதம் 20 கிராம், நார்ச்சத்து நீங்கலாகக் கார்போஹைட்ரேட் 50 கிராம், அதில் மொத்தச் சர்க்கரை 22 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 18 கிராம், நார்ச்சத்து 8 கிராம், கொழுப்பு 12 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 5 கிராம், சோடியம் 250 மில்லிகிராம்.

செல்போன் கால்குலேட்டரில் எல்லாவற்றையும் 0.6-ஆல் பெருக்குங்கள். ஒரு பாரில் 242 கிலோகலோரி, 12 கிராம் புரதம், 10.8 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 4.8 கிராம் நார்ச்சத்து, 7.2 கிராம் கொழுப்பு, 150 மில்லிகிராம் சோடியம் என்று வரும்.

இப்போது புரதத்தின் பங்கைப் பார்ப்போம். ஒரு கிராம் புரதமும் ஒரு கிராம் கார்போஹைட்ரேட்டும் ஆளுக்கு 4 கிலோகலோரி தரும், ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். 12 கிராம் புரதம் என்றால் 48 கிலோகலோரி. 242-ல் 48 என்பது 20 சதவீதம். கோடெக்ஸ் கேட்பது குறைந்தது 25. அந்த அளவை எட்ட இந்த பாரில் 15 கிராம் புரதம் வேண்டும், 3 கிராம் குறைகிறது. கொழுப்பு 65 கிலோகலோரி, அதாவது சுமார் 27 சதவீதம், வரம்புக்குள் இருக்கிறது. ஆக, இதை நல்ல சிற்றுண்டி என்று சொல்வேன். ஒரு வேளைச் சாப்பாடு என்று சொல்ல மாட்டேன். கடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் போட்டுவிடும் கணக்கு இது. இதை ஒரு முறை போட்டுப் பார்த்தவர்கள் அப்புறம் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

மூன்றாம் படி: புரதம் எவ்வளவு, எதிலிருந்து?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர்-இன் 2020 பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதமும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 46 கிராமும் வேண்டும். மூன்று வேளையாகப் பிரித்தால் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 15. ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு பார் சாப்பிடுவது என்றால், இந்த எண்ணை அது நெருங்க வேண்டும்.

"ரிச் இன் புரோட்டீன்" என்ற வார்த்தையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அன்றாடத் தேவையில் 20 சதவீதம் 100 கிராம் பொருளில் இருந்தால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2018 விளம்பர விதி. 54 கிராமில் 20 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 11 கிராம். 60 கிராம் பாருக்கு அது வெறும் ஆறரை கிராம். நிலக்கடலையையும் வெல்லத்தையும் சரிபாதி போட்டுக் காய்ச்சிய கடலை மிட்டாயில்கூட 100 கிராமுக்கு 12 கிராம் புரதம் இருக்கும், அதுவும் இந்த விதிக்குள் வந்துவிடும். வார்த்தை பொய் இல்லை. ஆனால் அதன் அளவுகோல் உங்கள் தேவையைவிடச் சின்னது.

அடுத்து பொருள் பட்டியல். எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். முதல் மூன்று பெயர்களில் வே புரோட்டீன் (பால் திரிந்த நீரிலிருந்து எடுக்கும் புரதம்), சோயா புரோட்டீன் ஐசொலேட், பால் புரதம், நிலக்கடலை, பாதாம் போன்றவை இருந்தால் நல்லது. வே, சோயா இரண்டுமே உடலுக்கு வேண்டிய எல்லா அமினோ அமிலங்களையும் தருபவை. கொலாஜன் என்று போட்டிருந்தால் கவனியுங்கள். அட்டவணையில் அதுவும் புரதமாகத்தான் எண்ணப்படும், ஆனால் டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் கிடையாது. சாப்பாட்டுக்குப் பதிலாக எடுக்கும் பாரில் புரதத்தின் பெரும்பங்கு கொலாஜனாக இருந்தால் நான் வாங்க மாட்டேன். அது விலங்கிலிருந்து வருவது, அதனால் சைவம் சாப்பிடுபவர்கள் பச்சைப் புள்ளியா, பழுப்பு முக்கோணமா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். முட்டை சேர்ந்தாலும் பழுப்பு முக்கோணம்தான் வரும்.

விலையையும் இங்கேயே சரிபார்த்துவிடலாம். பாரின் விலையை அதிலுள்ள புரத கிராமால் வகுங்கள். 120 ரூபாய் பாரில் 12 கிராம் என்றால் கிராமுக்கு 10 ரூபாய். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. இன்றைய முட்டை விலையை 6-ஆல் வகுத்துப் பாருங்கள். பாருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது, சமைக்காமல், கெடாமல், பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்ற வசதிக்கான காசு. அந்த வசதி உண்மையிலேயே வேண்டிய நாட்கள் உண்டு. தினமும் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்காம் படி: சர்க்கரையும் நாரும்

சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு லேபிள் எடுத்துக்கொள்ளும் அன்றாட அளவு 50 கிராம். நம் மாதிரி பாரில் 10.8 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம், அன்றாட அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். இதற்கு மேல் போகும் பாரை நான் மிட்டாய்க் கணக்கில் சேர்ப்பேன்.

சர்க்கரை பல பெயர்களில் வரும்: குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பிரவுன் ரைஸ் சிரப், தேன், வெல்லம். ஒரே பாரில் மூன்று பெயர்களில் பிரித்துப் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், கூட்டினால் மேலே இருக்க வேண்டியதாக இருக்கும். பேரீச்சம்பழக் கூழ் போட்டு "சர்க்கரை சேர்க்கவில்லை" என்று எழுதியிருந்தால் மொத்தச் சர்க்கரை வரியைப் பாருங்கள், பழத்தின் சர்க்கரை அங்கே தெரிந்துவிடும். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இன்னும் தந்திரமானது. லேபிளில் அது சர்க்கரையாக எண்ணப்படாது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரை வரியை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல் மொத்த கார்போஹைட்ரேட்டையும் பார்க்க வேண்டும்.

"சுகர் ஃப்ரீ" பார்களில் இனிப்புக்காக மால்டிட்டால், சார்பிட்டால், சைலிட்டால், எரித்ரிட்டால் என்று ஏதாவது இருக்கும். உறையில் உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான ஐஎன்எஸ் எண் மட்டும் போட்டிருந்தால் 965, 420, 967, 968 என்பவை இதே வரிசையில் அவைதான். முதல் இரண்டும் அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும், வயிற்றுப்போக்கு ஏற்படலாம் என்று உறையிலேயே எச்சரிக்கை இருக்கும். நேர்முகத் தேர்வுக்குப் போகும் காலையிலோ, சென்னைக்கு பஸ் ஏறும் முன்போ முதல் முறையாகச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சைலிட்டால் நாய்க்கு விஷம், சின்னத் துண்டுகூடப் போடாதீர்கள்.

நார்ச்சத்து நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். 100 கிராமுக்கு 6 கிராம் இருந்தாலே "ஹை ஃபைபர்" என்று போட்டுக்கொள்ளலாம். பாருக்கு 5 கிராமாவது இருந்தால் பசி கொஞ்ச நேரம் தாங்கும். நிறைய பார்களில் இது சிக்கரி வேரிலிருந்து எடுத்த இன்யூலினாக இருக்கும். நல்ல நார்தான், ஆனால் பழகாத வயிற்றில் வாயு பிடிக்கும். முதல் வாரம் பாதி பார் சாப்பிட்டு, நிறைய தண்ணீர் குடித்துப் பாருங்கள்.

கொழுப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. நிறைவுற்ற கொழுப்புக்கு அன்றாட வரம்பு 22 கிராம், ஒரு பாரில் 4 கிராமுக்குள் இருக்கட்டும். பண்ருட்டி முந்திரியோ நிலக்கடலையோ சேர்ந்து வரும் கொழுப்பு எனக்குக் கவலை தருவதில்லை. சாக்லேட் பூச்சுக்காகச் சேர்க்கும் பாமாயிலும் வனஸ்பதி வகைகளும்தான் கவலை. சோடியத்துக்கு அன்றாட வரம்பு 2000 மில்லிகிராம், பெரும்பாலான பார்கள் இதில் சிக்குவதில்லை.

ஐந்தாம் படி: சேர்த்த வைட்டமினும் தாதுவும்

செறிவூட்டுவது நமக்குப் புதிது இல்லை. உப்பில் அயோடின், பாக்கெட் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி என்று தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பாரில் அதையே ஒரு கலவைப் பொடியாகச் சேர்க்கிறார்கள்.

இங்கே பட்டியலின் நீளத்தை எண்ணாதீர்கள், சதவீதப் பத்தியைப் படியுங்கள். 20 பெயர்களில் பாதிக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பதும் உண்டு. சாப்பாட்டுக்குப் பதில் என்றால் பெரும்பாலானவை 25 முதல் 33 சதவீதமாவது இருக்க வேண்டும். நம் ஊரில் அதிகம் குறையும் சத்துகள் என்று பார்த்தால் இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம். இந்த நான்கையும் முதலில் தேடுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு பி12 ரொம்ப முக்கியம்.

கால்சியம் ஏன் பல பார்களில் குறைவாக இருக்கிறது என்றால், அதற்கு எடை அதிகம். பெரியவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். அதில் கால் பங்கான 250 மில்லிகிராமைத் தர வேண்டுமானால் 625 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் போட வேண்டும், வாயில் சுண்ணாம்புத் தூள் மாதிரி தெரியும். பொட்டாசியம், மக்னீசியம் இரண்டுக்கும் இதே கஷ்டம். அதனால் வைட்டமின்கள் தாராளமாகவும் இவை கஞ்சத்தனமாகவும் இருக்கும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஒரு வேளை பார் என்றால் இன்னொரு வேளை கேழ்வரகுக் கூழோ அடையோ வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சரியாகிவிடும்.

இரும்பு விஷயத்தில் சதவீதம் யாருக்காகப் போட்டது என்று கேளுங்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. ஒரு பாரில் 6 மில்லிகிராம் இருந்தால் ஆணுக்கு அது 32 சதவீதம், பெண்ணுக்கு 21 சதவீதம்தான். உறையில் 32 என்று பார்த்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு கிடைத்துவிட்டது என்று ஒரு பெண் நினைத்தால் அது தப்புக்கணக்கு. ரத்தசோகைக்கு இந்த பார் மருந்தும் ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. பாரில் இருப்பதைப் போல் பத்து மடங்கு இரும்பு. "நான்தான் பார் சாப்பிடுறேனே, மாத்திரை எதுக்கு" என்று யார் சொன்னாலும் இந்த எண்ணைத்தான் காட்டுவேன்.

அந்த இரும்பும் உடம்பில் சேர வேண்டுமே. பாரை டீயிலோ காபியிலோ தொட்டுச் சாப்பிட்டால் அவற்றிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கூட ஒரு கொய்யாப்பழம் கடித்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. பாரின் உறையில் போட்டிருக்கும் வைட்டமின் சி இதன் பக்கத்தில்கூட வராது.

வைட்டமின் டி சில உறைகளில் ஐயு (சர்வதேச அலகு) என்றும் சிலவற்றில் மைக்ரோகிராம் என்றும் இருக்கும். ஒரு மைக்ரோகிராம் என்பது 40 ஐயு. அன்றாடத் தேவை 600 ஐயு, அதாவது 15 மைக்ரோகிராம். இரண்டு பார்களை ஒப்பிடும்போது அலகு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தவறாமல் படியுங்கள்

மருந்துக்கடையில் நிற்பவள் என்பதால் இதில் எனக்கு அக்கறை கொஞ்சம் அதிகம். செறிவூட்டிய பார் என்பது மருந்தோடு வினை புரியக்கூடிய உணவு.

தைராய்டுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்கள் காலை வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு, நேரம் இல்லை என்று உடனே பாரைப் பிரிக்கிறார்கள். பாரில் உள்ள இரும்பும் கால்சியமும் மாத்திரையை உடம்பில் சேரவிடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அதனால் காலை உணவாக இட்லி, மாலையில் பார் என்று மாற்றிக்கொள்வது சுலபம். டாக்சிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இதே தொல்லை உண்டு. எவ்வளவு நேரம் இடைவெளி என்று மருந்து வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் ஒரு வேளைச் சாப்பாட்டை பாராக மாற்றவே கூடாது. முழுச் சாப்பாட்டுக்காகக் கணக்கிட்ட மருந்து, 200 கிலோகலோரி பாரோடு சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வியர்வை, படபடப்பு, கண் மங்குதல் வந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசினோகூமரால் எடுப்பவர்கள் வைட்டமின் கே வரியைப் பார்க்க வேண்டும். திடீரென்று அது கூடினால் மருந்தின் பலன் குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மூன்றுமே அளந்து சாப்பிட வேண்டியவை, அதனால் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

மல்டிவைட்டமின் மாத்திரை, சத்து பானம், பார் என்று மூன்றையும் ஒரே நாளில் எடுப்பவர்கள் வைட்டமின் ஏ-யைக் கூட்டிப் பாருங்கள். ரெட்டினால் வடிவில் நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராம் என்பது மேல் வரம்பு. கர்ப்பிணிகளுக்கு இது மீறினால் குழந்தைக்கு ஆபத்து.

ஒவ்வாமை உள்ளவர்கள் பொருள் பட்டியலுக்குக் கீழே தடித்த எழுத்தில் இருக்கும் வரியைப் படிக்க வேண்டும். பால், சோயா, நிலக்கடலை, முந்திரி, பாதாம், கோதுமை என்று பார்களில் வருவது எல்லாமே அந்தப் பட்டியலில் அடங்கும்.

ஏழாம் படி: பாரைச் சாப்பாடாக ஆக்குவது

கையில் இருக்கும் பாரில் புரதம் குறைகிறது என்றால் தூக்கிப்போட வேண்டாம், பக்கத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மாதிரி பாரோடு ஒரு அவித்த முட்டை சேர்த்தால் 18 கிராம் புரதம், ஆணுக்குரிய ஒரு வேளைப் பங்கு வந்துவிட்டது. மோர் சேர்த்தால் கொஞ்சம் கால்சியமும் கிடைக்கும், வயிறும் நிறையும்.

முட்டை வேண்டாம் என்பவர்களுக்குச் சுண்டல். 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 164 கிலோகலோரி, 9 கிராம் புரதம், 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. சாயங்காலம் வெள்ளிக் கடற்கரையிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ நடக்கப் போகிறவர்கள் பாரைப் பாதி சாப்பிட்டு, ஒரு பொட்டலம் சுண்டலும் சேர்த்துக்கொண்டால், முழு பாரைவிட நார் அதிகம், சர்க்கரை பாதி, செலவும் குறைவு. இப்படிச் சாப்பிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி, கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு வேளைக்கு மேல் பாராக மாற்ற வேண்டாம். கீரை, மீன், பருப்பு, பழம் இவற்றில் இருக்கும் எத்தனையோ சத்துகள் அந்தக் கலவைப் பொடியில் இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸுக்குப் பதிலாக பார் கொடுத்துவிடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பெரியவர்களின் தேவைக்குக் கணக்கிட்ட வைட்டமின் அளவு அது.

எட்டாம் படி: வாங்கிய பின் வைப்பது

தயாரித்த தேதி, காலாவதி தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் மூன்றும் உறையில் இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிய வெளிநாட்டு பாரில் இந்த எண்ணும் இறக்குமதியாளர் பெயரும் ஒட்டப்படவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வெப்பம் பாருக்கு ஆகாது. வைட்டமின் சி, ஏ, பி1, ஃபோலிக் அமிலம் எல்லாம் சூட்டில் கரைந்துகொண்டே போகும். கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் மதியம் முழுக்கக் கிடந்த பாரில் உறையில் போட்ட அளவு இருக்கும் என்று நம்ப வேண்டாம். சாக்லேட் மேல் வெள்ளை பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது உருகித் திரும்ப இறுகிய கொழுப்பு. சாப்பிடலாம், ஆனால் அது வெயிலைப் பார்த்த பார் என்று அர்த்தம். கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயில் படும் தட்டில் அடுக்கியிருப்பதை எடுக்காமல் உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் தேதி மீதி இருந்தாலும் வேண்டாம்.

நம் பக்கத்தில் பாருக்கு உண்மையான வேலை வருவது மழைக்காலத்தில். 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெங்கல்' புயல் என்று புதுச்சேரியும் கடலூரும் புயல்களை நேரில் வாங்கிக்கொண்ட ஊர்கள். கரண்ட் இல்லாமல், அடுப்பு பற்றவைக்க முடியாமல், தெருவில் தண்ணீர் நிற்கும் நாட்களில் வேகவைக்கத் தேவையில்லாத 240 கிலோகலோரி பெரிய விஷயம். அதற்கு வாங்குவதாக இருந்தால் எடை குறைக்கும் பார்களை விட்டுவிட்டு, கலோரி அதிகமுள்ள, கடலையும் முந்திரியும் நிறைய உள்ள பார்களாக எடுங்கள். மால்டிட்டால், சார்பிட்டால் சேர்த்த சுகர் ஃப்ரீ வகை அந்த நாட்களுக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர் தட்டுப்பாட்டில் வயிற்றுப்போக்கைச் சமாளிக்க முடியாது. ஐப்பசி பிறக்கும்போது ஆளுக்கு நாலைந்து வாங்கி, மாத்திரைப் பெட்டியோடு தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். பொங்கல் தாண்டியும் மீதி இருந்தால் வேலைக்குப் போகும்போது ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, அடுத்த ஐப்பசிக்குப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.